கராஜுக்குப் போன மச்சப் பெட்டி

இரத்தினவேலின் காலுறை நனைந்த பிறகுதான் விஷயம் தெரியவந்தது.

விடிந்ததும் கராஜுக்குள் போனவர், லைட்டைப் போட முன்னமே ஈரத்தில் கால் வைத்துவிட்டார். வெளிச்சம் வந்ததும் குனிந்து பார்த்தார். இளஞ்சிவப்புத் தண்ணீர். மீன் கழுவினால் வரும் நிறம். பழைய பிரிட்ஜின் அடியிலிருந்து புறப்பட்டு, பனி வழிக்கிற சவளைச் சுற்றி, வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜெயந்தனின் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலை வரைக்கும் போயிருந்தது.

"அறுந்துபோவான்," என்றார்.

யாரை என்று அவருக்கே அப்போது தெரியாது. ஆனால் யாராவது ஒருவன் இருக்கத்தான் வேண்டும். இரத்தினவேலின் உலகத்தில் எதுவும் தானாகக் கெடுவதில்லை. யாரோ கெடுக்கிறார்கள்.

மேல் தட்டின் கதவில், யாரும் திறக்கக்கூடாதென்று தான் ஒட்டிவைத்த டேப்பைக் கிழித்துத் திறந்தார். உறைந்து கல்லாகக் கிடக்க வேண்டிய நண்டுப் பையைத் தூக்கினார். உள்ளே காலெல்லாம் தொளதொளவென்று தொங்கின. விளைமீன் தலைகள் ஈரத்தில் மிதந்தன. இறால் பையின் மூலையில் தண்ணீர் கட்டியிருந்தது.

கீழ்த் தட்டைத் திறந்தார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. முட்டைப் பெட்டி சில்லென்றுதான் இருந்தது. கீழே குளிர், மேலே உருக்கம். பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். வழக்கமான உறுமல் இல்லை. செத்த மாடு மாதிரி நின்றது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குத்தான் மகன் வாகீசன் வருகிறான்.

கோடையில் மனைவி லக்ஷிகாவையும் பையன் அபிஷனையும் கூட்டிக்கொண்டு ஒஷாவாவுக்குக் குடிபோனவன், போன கிழமைதான் முதல்முறையாகத் தகப்பனோடு போனில் வாய் திறந்தான்.

"அம்மாவின்ரை பிள்ளையார் பெருங்கதை விரதம் முடியுது எண்டு வாறம் அப்பா. இருப்பம், சாப்பிடுவம். ஆனா ஒண்டு. ஆரையாவது சந்தேகப்பட்டு உங்கடை வாயிலையிருந்து ஒரு சொல் வந்தாலும், அபிஷனுக்கு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அந்த நிமிசமே வெளிக்கிட்டிடுவம். பிறகு வரமாட்டம்."

அந்தக் கடைசிச் சொல் ஒரு கிழமையாக இரத்தினவேலின் நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி நின்றது.

கோடையில் நடந்தது இதுதான். அபிஷனை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு நாள் சந்தியொன்றை அவர் வேகமாகக் கடந்தார்; மஞ்சள் லைட்தான் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு, இவர் கார் ஓட்டக்கூடாது என்று குடும்ப டொக்டர் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு, அவருடைய லைசன்ஸ் பறிபோனது. அபிஷனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. அந்த வேலையும் அதோடு போனது. அதற்கு முதல் கிழமை கண் காட்ட அதே டொக்டரிடம் அவரை ஏற்றிக்கொண்டு போனவள் மருமகள். அவருக்கு அது போதும். லக்ஷிகாவின் தாய் விருந்துக்கு வந்திருந்த நேரம் பார்த்து, "நீதான் என்னைப் போட்டுக்குடுத்தனி" என்று நேருக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் ஒரு சொல் திருப்பிப் பேசவில்லை. கொஞ்ச நாளில் இந்த அஜின்கோர்ட் வீட்டில் அவர்களுடைய அறை வெறுமையாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இரத்தினவேலுக்கு இல்லை. கூழ் காய்ச்சுகிற பழக்கம் இருந்தது.

லக்ஷிகா மட்டக்களப்புப் பிள்ளை. கல்யாணம் முடித்து வந்த புதிதில் பனங்கிழங்கு மாவும் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்து, பிறகு நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கோப்பை கேட்டவள். அதை நினைத்துத்தான் மனிசன் பஸ் மாறி மாறி மீன்கடைக்குப் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பின்னுக்குப் போனாள். போனால் போ என்று அந்த இடத்தில் நண்டை இருத்தினார்.

அந்த நண்டுதான் இப்போது கையில் தொங்குகிறது.

இந்த வீட்டில் பிரிட்ஜ் இரண்டு. குசினியில் நிற்பது மரக்கறிக்கும் பாலுக்கும். மீன், இறைச்சி, முட்டைக்கு இந்தப் பழையது. பெயரே மச்சப் பெட்டி. கீழே உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பல வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. இந்த முறை விரதம் தொடங்கும்போது மனைவி புனிதவதி புதிதாக ஒரு சட்டம் போட்டாள். பிள்ளையார் கதை படிக்கிற வீட்டுக்குள் மச்சம் இருக்கக்கூடாது.

"பெட்டி பூட்டித்தானே கிடக்குது?" என்று கேட்டுப் பார்த்தார்.

"பூட்டினாலும் வீட்டுக்குள்ளைதானே கிடக்குது?"

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் ஜெயந்தனைக் கூப்பிட்டு, இருவருமாக மூச்சு வாங்கத் தூக்கிக் கராஜில் வைத்தார்கள். ஜெயந்தன் லக்ஷிகாவின் பெரியம்மா மகன். பார்சல் வான் ஓட்டுகிறவன். பெட்டியை இறக்கி வைத்தபோது அவன் ஒன்று சொன்னான்.

"அங்கிள், குளிர் கூடினா இது இங்க ஒழுங்கா ஓடாதாம். நான் முன்ன இருந்த வீட்டுக்காரரும் கராஜிலதான் வச்சிருந்தவர்."

இரத்தினவேல் வாய்விட்டுச் சிரித்தார். "குளிர்ப்பெட்டிக்குக் குளிர் ஆகாதோ? அப்ப அதுக்கும் ஒரு ஜக்கெற் வாங்கிப் போடவோ?"

ஜெயந்தனும் சிரித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"என்னப்பா, உதுக்குள்ளை நிண்டு ஆரோடை கதைக்கிறியள்?"

குசினியிலிருந்து கராஜுக்கு வரும் கதவில் புனிதவதி நின்றாள். முழுகி, ஈரத்தலை முடிந்து, மணிக்கட்டில் பெருங்கதைக்குக் கட்டிய நூல் இழையோடு. படி தாண்டி வரமாட்டாள்.

"உன்ரை பிள்ளையார் என்ரை நண்டை உருக்கிப்போட்டார்."

"வாயைக் கழுவுங்கோ. இண்டைக்குக் கடைசி நாள்." எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நிலமெல்லாம்! பழுதாப்போச்சோ?"

மீன் தலையை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். "பழுதில்லை. குளிருக்குள்ளைதான் கிடந்திருக்குது. ஆனா இண்டைக்குச் சமைக்கவேணும். உருகினதைத் திரும்ப உறையப்போட்டால் கூழ் சவச்சவெண்டு போயிடும்."

"வெளியிலை பனிக்குள்ளை வையுங்கோவன்."

"வைச்சால் குப்பை கிளறுற றக்கூனுக்குத்தான் பெருங்கதை முடியும். உன்ரை பிரிட்ஜிலை ஒரு மூலை தாவன். இண்டைக்கு மட்டும்."

புனிதவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

"கஸ்பருக்கு அடிச்சுப் பாருங்கோ," என்றாள். "நாளைக்கு அதுகள் வரேக்கை இந்த நாத்தம் நிக்கக்கூடாது. நான் கோயிலுக்குப் போட்டுப் பின்னேரம்தான் வருவன். ஆரோடையும் வாய் குடுத்து நிக்காதேங்கோ. கேட்டுதோ?"

"நான் ஆரோடை வாய் குடுத்தனான்?"

அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

கஸ்பர் தமிழ்ப் பத்திரிகையில் பிரிட்ஜ் திருத்துவதாக விளம்பரம் போடுகிறவன். போனை எடுக்கும்போதே எங்கேயோ ஏணியில் நிற்கிற சத்தம்.

"பல்ப் எரியுதோ அண்ணை?"

"எரியுது."

"இரையுதோ?"

"இரையேல்லை."

"எத்தினை வருசப் பெட்டி?"

"வாகீசன் படிக்கேக்கை வாங்கினது."

"அப்ப கொம்பிறசர் போட்டுது. முடிஞ்சுது அண்ணை. பாக்க வாறதே வீண். என்னட்டை ஒரு நல்ல பெட்டி நிக்குது, பின்னேரம் ஏத்திக்கொண்டு வரட்டோ?"

"நீ பாக்காமலே செத்துப்போச்செண்டு சொல்லுறாய். பிரேதத்தையெண்டாலும் டொக்டர் ஒருக்காத் தொட்டுப் பாப்பார்."

"அண்ணை, நான் இருவது வருசமா..."

"இருவது வருசமா உதைத்தான் சொல்லி வித்திருப்பாய்."

போனை வைத்துவிட்டார். நம்பிக்கை இல்லாத மனிசன்தான், ஆனால் சும்மா இருக்கிற மனிசன் இல்லை. வேலையைத் தொடங்கினார்.

கதவு ரப்பரை ஈரத்துணியால் துடைத்தார். ஒரு கடதாசித் துண்டைக் கதவுக்கு இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். இறுக்கிப் பிடித்தது. ரப்பர் குற்றமில்லை. உள்ளே இருக்கும் குளிர் கூட்டுகிற திருகியை முழுக்கத் திருகினார். ஒரு அசைவும் இல்லை. பெட்டியை மூலையிலிருந்து முன்னுக்கு இழுத்து, புனிதவதி இல்லாத தைரியத்தில் வீட்டுக்குள்ளிருந்து வக்யூமைக் கொண்டுவந்து பின்பக்கத்துத் தூசியை எல்லாம் உறிஞ்சினார். பூனை ஒன்று செய்யலாம் போலத் தூசி வந்தது. பெட்டி அதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் சுவரில் பிளக்கைப் பார்த்தார்.

அந்தச் சுவரில் வேலை செய்வது ஒரே ஒரு பிளக் ஓட்டை. தெரியாத்தனமாக யாரும் கழற்றிவிடக்கூடாது என்று, பெட்டி வந்த அன்றைக்கே பிளக்கைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிவைத்தவர் அவர்தான். டேப் அப்படியே இருந்தது.

வேறு ஒருவர் என்றால் அதோடு சரி என்று விட்டிருப்பார். இரத்தினவேல் கண்ணைச் சுருக்கினார். தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார். ஜெயந்தனின் பெட்டிகளுக்கு மேல் ஒரு கார் பற்றறி சார்ஜர் கிடந்தது.

புதன்கிழமை காலை அவனுடைய கார் இருமி இருமி ஸ்ரார்ட் ஆகாமல் நின்றதை மேல்மாடி யன்னலால் கேட்டவர் அவர். பிறகு ஸ்ரார்ட் ஆனதையும் கேட்டார். எப்படி ஆனது?

"கழட்டி, சார்ஜரைப் போட்டு, பிறகு திரும்பச் செருகி, டேப்பையும் ஒட்டியிருக்கிறான்," என்று பெட்டிக்கே சொன்னார். "கெட்டிக்காரன்."

ஆள் கிடைத்துவிட்டான். மனசு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

மத்தியானம் கராஜ் கதவு தானாக மேலே போனது. ஜெயந்தன் வேலைச் சட்டையோடு, ஒரு கையில் கராஜ் ரிமோட், மற்றக் கையில் கோப்பிக் கோப்பை. பனிக்காற்று அவனுக்கு முன்னே உள்ளே வந்தது.

"என்ன அங்கிள், கழுவித் துடைக்கிறீங்க. நாளைக்கு வாகீசன் அண்ணன் வாறார் எண்டு பெரிய எடுப்போ?"

"பிளக்கை எப்ப கழட்டினனி?"

"எந்த பிளக்கு?"

"எத்தினை பிளக் இருக்குது இஞ்சை? புதன்கிழமை கார் ஸ்ரார்ட் ஆகேல்லை. பிறகு ஆகிச்சுது. உந்தச் சார்ஜர் உதிலை கிடக்குது. என்ரை நண்டு உருகிக் கிடக்குது. எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

ஜெயந்தன் கோப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "அங்கிள், நான் அதத் தொடல்ல. சார்ஜர் பழுது. எறியத்தான் வச்சிருக்கன். புதன்கிழமை எங்கட வேலையில இருக்கிற ஸ்டெபனி வந்து, அவட காரில இருந்து வயர் போட்டு ஸ்ரார்ட் பண்ணித் தந்தவ."

"ஆரது ஸ்டெபனி?"

"வேலையில கூட நிக்கிற பிள்ளை."

"விடியப்புறம் உன்ரை காரை ஸ்ரார்ட் பண்ண வாற பிள்ளையோ? நல்ல கதை."

ஜெயந்தனின் முகம் மாறியது. சார்ஜரை எடுத்து நீட்டினான். "செருகிப் பாருங்க. லைட்டும் வராது."

"இண்டைக்கு வராது. புதன்கிழமை வந்திருக்கும்."

"அப்ப நான் என்னத்தச் சொன்னாலும் நம்பப் போறீங்க இல்ல."

"நீங்கள் எல்லாரும் ஒரு மாதிரித்தான். செய்யிறதைச் செய்துபோட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கிறது. அண்டைக்கு அவளும் உப்பிடித்தான் வாய் திறக்காமல் நிண்டவள்."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. கராஜ் கதவு அகலத் திறந்து கிடந்தது. முன்வீட்டுக்காரர் சவளைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயந்தன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இரத்தினவேலுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"லக்ஷிகா சொன்னாள், மாமாட வாய்தான் அப்பிடி, மனசு நல்லம் எண்டு. அதை நம்பித்தான் அவங்க போன பிறகும் இங்க இருந்தன்." கையிலிருந்த ரிமோட்டைப் பிரிட்ஜின் தலையில் வைத்தான். "இந்த மாசம் முடிய நான் வேற இடம் பாக்கிறன் அங்கிள்."

பக்கவாசல் பக்கமாக இறங்கிப் போய்விட்டான். கோப்பிக் கோப்பை நிலத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இரத்தினவேல் பொத்தானை அமத்திக் கராஜ் கதவை இறக்கினார். முன்வீட்டுக்காரரின் கால் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார். சொல் ஒட்டவில்லை. இப்போது அவன் லக்ஷிகாவுக்குப் போன் எடுத்திருப்பான். அவள் வாகீசனுக்குச் சொல்லியிருப்பாள். நாளைக்கு வாசலில் கார் வராது. சுவரோரம் அபிஷனின் பழைய சைக்கிள் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

கை சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும். வந்தாலும் வராவிட்டாலும் நண்டு காத்திருக்காது. இந்தக் கராஜில் மீன் பொரிப்பதற்கென்றே ஒரு கரண்ட் அடுப்பு உண்டு. வீட்டுக்குள் பொரித்தால் புகை மணி அலறும், புனிதவதியும் அலறுவாள். நீட்டு வயரை உள்ளே இருந்து இழுத்து அடுப்பைப் போட்டார். பெரிய பானையில் தண்ணீர் வைத்தார். நண்டை உடைத்துக் கழுவி, மீன் தலையையும் போட்டு, உப்பும் மஞ்சளும் இட்டு மூடினார். இன்றைக்குச் சாறாக அவித்து எடுத்தால், நாளைக்குக் காலையில் ஒடியல் மாவைக் கரைத்து விடலாம். பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் குசினியில் சைவமாகக் காத்திருக்கின்றன.

பிரிட்ஜின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, உள்ளே துடைக்கத் தொடங்கினார். நாளைக்குக் கஸ்பர் வந்து தூக்கிக்கொண்டு போனாலும் நாற்றத்தோடு போகக்கூடாது.

பானை கொதித்தது. ஆவி கராஜை நிறைத்தது. சின்ன யன்னலில் வியர்வை வழிந்தது. ஜக்கெற்றைக் கழற்றிச் சைக்கிளில் போட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையையும் மடித்தார்.

டக் என்று ஒரு சத்தம்.

பிறகு பெட்டி உறுமியது.

துணியோடு அப்படியே நின்றார். உறுமல் நிற்கவில்லை. தட்டெல்லாம் மெல்ல நடுங்கின. பின்னுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். சூடு ஏறிக்கொண்டிருந்தது. உயிர் வந்துவிட்டது.

முதலில் தலை போனது வழக்கமான பக்கம்தான். ஜெயந்தன் வந்து ஏதோ செய்துவிட்டான். ஆனால் கதவு பூட்டியிருந்தது. ரிமோட் பெட்டியின் தலையிலேயே கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கராஜுக்குள் அவரையும் நண்டையும் தவிர ஒருவரும் இல்லை.

கரண்ட் காலையிலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என்ன மாறியது? நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். துடைத்த கையைப் பார்த்தார்.

சூடுதான் மாறியது.

"குளிர் கூடினா இது இங்க ஒழுங்கா ஓடாதாம்."

அவருக்கு எழுத்துப் படிப்புக் குறைவு. ஆனால் மெஷின்களோடு காலம் கழித்தவருக்கு, ஒரு மெஷின் எந்த இடத்தில் ஏமாறும் என்பது பிடிபட்டது. மேலே உறையப்போடுகிற தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இருப்பது ஒரே எஞ்சின். அந்த எஞ்சின் கேட்பது கீழ்த் தட்டின் பேச்சை. கராஜ் குளிர்ந்தபோது கீழ்த் தட்டும் தானாகவே குளிர்ந்துவிட்டது. இனி வேலை இல்லை என்று எஞ்சின் படுத்துவிட்டது. மேலே நண்டு உருகினது அதற்குத் தெரியாது. விரதம் தொடங்கியபோது வெயில் இருந்தது, ஓடியது. இந்தக் கிழமை குளிர் இறங்கியது, நின்றது. உடுப்புத் தோய்க்கிற அறையின் சூட்டில் இருந்திருந்தால் இன்றைக்கும் கல்லுக் கல்லாக உறைந்திருக்கும்.

பெட்டியில் பழுதே இல்லை. வைத்த இடம்தான் பிழை.

மெதுவாகக் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே டேப். இப்போது அதன் நுனியைப் பார்த்தார். நுனி உள்ளுக்கு மடித்து ஒட்டப்பட்டிருந்தது, பிறகு உரிப்பதற்கு வசதியாக. பிளாஸ்ரிக் ஃபாக்டரியில் பெட்டி கட்டின காலத்திலிருந்து டேப்பை அப்படி முடிக்கிறவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். மேலே தூசி கூடப் படிந்திருந்தது.

காலையிலேயே கண்ணுக்கு முன்னால் இருந்தது. பார்த்தார். பார்த்துவிட்டு, அதையே அவன்மேல் குற்றமாக்கினார்.

பானையின் கீழே சூட்டைக் குறைத்தார். ரிமோட்டை எடுத்தார். நண்டு நாற்றத்தோடு வீட்டுக்குள்ளால் போக முடியாது. கராஜின் பக்கக் கதவால் வெளியே வந்து, செருப்புக்காலோடு பனிக்குள் நடந்து, பேஸ்மென்ட் படி இறங்கிக் கதவைத் தட்டினார்.

ஜெயந்தன் திறந்தான். பின்னால் கட்டிலில் ஒரு சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது.

"பெட்டி ஓடுது," என்றார் இரத்தினவேல்.

"நல்லது அங்கிள்."

"நீ சொன்னது சரி. குளிர்தான்."

"சரி."

அவன் கதவை மூடவும் இல்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. இரத்தினவேலின் காலில் பனி உருகி விரல்களுக்கிடையில் ஓடியது.

"அதைச் சொல்லத்தான் பனிக்குள்ள வந்தீங்களா அங்கிள்?"

எத்தனையோ பேரைத் திட்டின வாய் ஒரு சொல்லுக்குத் தடுமாறியது.

"நான் பிழை விட்டிட்டன்," என்றார் கடைசியில். ஏதோ பல்லைப் பிடுங்கினது போல முகம் கோணியது. "நீ அவளுக்குச் சொல்லிப்போட்டியோ?"

ஜெயந்தன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பாத்தீங்களா, அதுக்குள்ளயும் ஒரு கேள்வி. இல்ல அங்கிள். சொல்லல்ல. நானா சொல்லவும் மாட்டன். ஆனா நாளைக்கு அவ வந்து, ஏன் அண்ணன் போறாய் எண்டு கேட்டா, பொய் சொல்லவும் மாட்டன்."

"நீ சொல்லவேண்டாம். நான் சொல்லுறன்."

"நீங்க சொன்னா அவங்க அந்த நிமிசமே வெளிக்கிட்டிடுவாங்க. வாகீசன் அண்ணன் சொன்னது எனக்கும் தெரியும்."

"தெரியும்." இரத்தினவேல் ரிமோட்டை நீட்டினார். "ஒளிச்சு வைச்சுக் கூழ் ஊத்தினால் அது தொண்டைக்குள்ளை போகாதடா. அவளுக்கும் போகாது, எனக்கும் போகாது. இதைப் பிடி. நண்டு அவியுது, உப்புப் பாக்க ஆள் இல்லை. என்ரை மனிசி விரதம்."

ஜெயந்தன் ரிமோட்டை வாங்கவில்லை. ஆனால் கொழுவியிருந்த ஜக்கெற்றை எடுத்தான்.

"உப்புப் பாக்கிறன். மத்தது நாளைக்குப் பாப்பம்."

பொழுதுபடும் நேரம், கோயிலிலிருந்து யாரோ கொண்டுவந்து இறக்கிவிட, புனிதவதி பிரசாதப் பையோடு வாசலில் நின்றாள். கராஜ் கதவு பாதி ஏறியிருந்தது. உப்புப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டு ஜெயந்தன் போய்க் கொஞ்ச நேரம். புனிதவதி மச்ச வாடைக்குள் வராமல், பனி வழித்த கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"இரையுதே! கஸ்பர் வந்தவனோ?"

"கஸ்பருமில்லை, ஒருத்தருமில்லை." நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். டேப்பின் நுனி வரைக்கும் சொன்னார். "நாளைக்கு அவள் வந்து இருந்த உடனை, முதல் வேலையா இதைச் சொல்லப்போறன். போறதெண்டால் போகட்டும்."

புனிதவதி பிரசாதப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

"இவனிலை சந்தேகப்பட்டது பிழையெண்டால்," என்றார் இரத்தினவேல், பானையைப் பார்த்தபடி, "அவளிலை சந்தேகப்பட்டதும் பிழையோ எண்டு இப்பதான் ஒரு யோசினை ஓடுது. லைசன்ஸ் விசயத்திலை. ஆனால் அவள் இல்லையெண்டால் பிறகு ஆர்? டொக்டருக்குக் கனவே கண்டது?"

"லக்ஷிகா சொல்லேல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

புனிதவதி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். இழை இல்லை. கோயிலில் அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். அது இருந்த இடத்தை மற்றக் கை விரலால் தடவினாள்.

"அந்தச் சந்தியிலை நீங்கள் மஞ்சள் லைட் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியளே," என்றாள். "அண்டைக்குப் பின்சீற்றிலை அபிஷன் மட்டும் இருக்கேல்லையப்பா. நானும் இருந்தனான். சிவப்பு."

இரத்தினவேலின் கையில் அகப்பை நின்றது. 'அப்ப டொக்டருக்கு நீதான்...' என்கிற அடுத்த கேள்வி நாக்கின் நுனியில் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

"முழுகிப்போட்டு உள்ளை வாங்கோ," என்றாள் புனிதவதி. பிரசாதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்வாசலால் வீட்டுக்குள் போய்விட்டாள்.

முழுகாமல் அவர் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. கராஜுக்குள், நண்டுப் பானைக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளே குசினி லைட் எரிந்தது. பின்னால் மச்சப் பெட்டி விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.